ஊரைக் கற்ற வகுப்பறை: சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் மாணவரும் ஸ்லேட்டர் ஊர்களும்

முதுகலைப் பொருளியல் மாணவர் ஒருவர் ஆய்வேடு எழுதத் தொடங்கும்போது அவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது ஆய்வு முறையியல் என்னும் தாள். கருதுகோள், மாதிரி, வினாநிரல், முதனிலைத் தரவு, இரண்டாம் நிலைத் தரவு, புள்ளியியல் சோதனை என அதன் பாடப்பொருள் ஓர் ஒழுங்கில் செல்லும். ஆய்வேட்டின் முற்பகுதியில் ஓர் இயலை இவற்றுக்கென ஒதுக்கி எழுதிவிட்டால் அக்கடன் தீர்ந்தது என்று கருதும் வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் இக்கல்வி ஒரு தாளாகத் தொடங்கவில்லை. விடுமுறையில் ஊர்ப்புறம் செல்லும் மாணவர் கையில் கொடுத்தனுப்பப்பட்ட ஒரு வினாநிரலாகத் தொடங்கியது. அந்த வினாநிரல் சென்ற ஊர்களில் சில, அதன்பின் நூறாண்டுக் காலமாக ஆய்வாளர்களால் திரும்பத் திரும்ப நாடப்பட்டு, இந்திய வேளாண் பொருளியலில் 'ஸ்லேட்டர் ஊர்கள்' என்னும் பெயரையே பெற்றுவிட்டன.

அவ்வூர்களின் பொருளியல் மாற்றத்தைப் பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. அங்குச் சென்றவர்கள் ஆய்வு செய்யக் கற்றுக்கொண்ட வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. முதல் வினாநிரலில் எது கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பதே பின்வந்தோர் அவ்வூர்களைப்பற்றி எதை அறிய முடியும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது. இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தமிழக ஊர்களை முன்வைத்து ஆராய்கிறது.

பேராசிரியரும் வினாநிரலும்

கில்பர்ட் ஸ்லேட்டர் (1864–1938) 1915ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதற்குமுன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இலண்டன் நகரின் ஊல்விச் பகுதிக்கு மேயராகவும் பணியாற்றியவர். தமிழியல் அறிஞர் பலர் அவரை 1924இல் வெளிவந்த 'இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு' என்னும் ஆங்கில நூலின் ஆசிரியராகவே அறிவர். அந்நூலைக்காட்டிலும் தமிழகத்தைப் பற்றிய அறிவுக்கு அவர் செய்த பெரிய பங்களிப்பு 1918இல் அவர் பதிப்பித்த 'சில தென்னிந்திய ஊர்கள்' என்னும் தொகுப்பு எனலாம்.

ஸ்லேட்டர் சென்னைக்கு வருமுன்பே ஊர்களை நேரில் கண்டு ஆராய்ந்த பழக்கம் உடையவர். இங்கிலாந்துக் குடியானவர்களின் பொதுவயல்கள் வேலியிட்டுத் தனியுடைமையாக்கப்பட்ட வரலாற்றை அவர் 1907இல் நூலாக வெளியிட்டார். அதற்கு அடிப்படை நாடாளுமன்றச் சட்டங்கள். ஆயினும் பொதுவயல் முறை எஞ்சியிருந்த லாக்ஸ்டன் முதலிய ஊர்களைப்பற்றி அவர் தனியே எழுதியுள்ளார். சட்ட ஏட்டில் இருப்பதும் வயல் வரப்பில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை அவர் அங்கேயே கற்றிருக்க வேண்டும்.

அவர் காலத்து இங்கிலாந்தில் கள ஆய்வு ஒரு வலுவான மரபாகியிருந்தது. சார்லஸ் பூத் இலண்டன் மக்களின் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்தார். சீபோம் ரவுண்ட்ரீ யார்க் நகரின் தொழிலாளர் வீடுகளை ஆராய்ந்து 1901இல் நூல் வெளியிட்டார். ஆர்தர் பௌலி 1912இல் ரெடிங் நகரில் எல்லா வீடுகளுக்கும் செல்லாமல் ஒரு பகுதியை மட்டும் முறைப்படி தேர்ந்தெடுத்து, அதிலிருந்து நகர் முழுவதையும் மதிப்பிடும் வழியைக் கையாண்டார். இந்தியாவிலும் அதே ஆண்டுகளில் ஒத்த முயற்சிகள் நடந்தன. வங்காளத்தின் பரீத்பூர் மாவட்டத்தைப்பற்றி ஜே. சி. ஜாக் எழுதிய நூல் 1916இலும், புனே அருகிலுள்ள பிம்ப்ளா சௌதாகர் என்னும் ஊரைப்பற்றி ஹெரால்டு மான் எழுதிய நூல் 1917இலும் வெளிவந்தன. ஆனால் ஜாக் நிலவரித் திட்ட அலுவலர். மான் வேளாண் கல்லூரியின் முதல்வர். அவர்களுக்கு அரசு அலுவலகத்தின் துணை இருந்தது. ஸ்லேட்டரிடம் இருந்தவர்கள் மாணவர்கள்.

சென்னையில் பொருளியல் பயின்ற மாணவர் இங்கிலாந்துப் பாடநூல்களையே படித்தனர். அந்நூல்களில் வரும் உழவர் பணக் குத்தகை செலுத்துபவர். தொழிலாளி வாரக்கூலி பெறுபவர். தேர்வெழுதும் மாணவரின் சொந்த ஊரில் குத்தகை நெல்லாக அளக்கப்பட்டது. கூலியும் நெல்லாகவே தரப்பட்டது. நகரங்களுக்கு முன்பே தோன்றியவை ஊர்கள் என்ற கருத்தோடு தம் தொகுப்பைத் தொடங்கும் ஸ்லேட்டர், பொருளியல் கல்வியை ஊரிலிருந்து தொடங்க விரும்பினார். அவர் ஒரு வினாநிரலை வகுத்து, மாணவர் தமக்குப் பழக்கமான ஊர்களுக்கு அதை எடுத்துச் சென்று விடை திரட்டி வரச் செய்தார். 1916ஐ ஒட்டி நடந்த இப்பணியின் விளைவே மேற்கூறிய தொகுப்பு. அதில் இடம்பெற்ற தமிழக ஊர்களுள் ஐந்து பின்னாளில் பெயர் பெற்றன. அவை இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு. மலையாள, தெலுங்குப் பகுதி ஊர்களும் அத்தொகுப்பில் உண்டு.

ஊர்த் தேர்வில் பௌலியின் முறை பின்பற்றப்படவில்லை. மாணவருக்கு எந்த ஊரில் வேரோ, உறவோ, அறிமுகமோ இருந்ததோ அந்த ஊரே ஆய்வூராயிற்று. இன்றைய ஆய்வேட்டில் இவ்வாறு எழுதினால் தேர்வாளர் முதற்கேள்வியாக இதையே கேட்பார். ஐந்து ஊர்களின் நிலையை வைத்துத் தமிழகத்தின் நிலையைக் கூற முடியாது என்பது உண்மை. ஆனால் அறிமுகமற்ற ஊரில் 1916ஆம் ஆண்டின் கல்லூரி மாணவர் ஒருவர் ஒவ்வொரு வீட்டின் கடனையும் கேட்டு எழுதியிருக்க முடியுமா என்பதும் எண்ணத்தக்கது. அறிமுகம் ஆய்வுக்குக் குறையாகவும் இருந்தது. அதன் வாயிலாகவும் இருந்தது.

மரக்காலும் அடங்கலும்

வினாநிரலோடு ஊருக்குச் சென்ற மாணவர் சந்தித்த முதல் இடர் அளவை. தஞ்சைப் பகுதியில் நிலம் வேலியாலும் மாவாலும் அளக்கப்பட்டது. வடமாவட்டங்களில் காணி. திருநெல்வேலியில் நெல்லுக்கும் விதைப்பாட்டுக்கும் கோட்டை. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், ஒரு கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால் என்ற வாய்பாடு தெரிந்திருந்தாலும் மரக்கால் எல்லா ஊரிலும் ஒரே கொள்ளளவு உடையதன்று. பட்டணம் படி வேறு, ஊர்ப்படி வேறு. நிலக்கிழார் வாரம் வாங்கும் மரக்காலும் கூலி அளக்கும் மரக்காலும் ஒன்றுதானா என்ற ஐயம் உழவுத் தொழிலாளரிடையே நெடுங்காலம் நிலவியது. தஞ்சைப் போராட்டங்களில் முத்திரையிட்ட மரக்காலைக் கேட்டு எழுந்த குரல் அந்த ஐயத்தின் வெளிப்பாடே. எனவே 'ஓர் ஆளின் கூலி எவ்வளவு?' என்னும் எளிய வினாவுக்கு 'நாளுக்கு இத்தனை படி' என்று விடை எழுதுவது போதாது. எந்தப் படி, யாருடைய படி, களத்தில் தனியே பெறுவது உண்டா, திருநாளுக்குத் துணி உண்டா என்று கேட்டால்தான் அது ஒரு விடையாகும்.

பின்வந்த ஆய்வாளருக்கு இந்த இடர் இரட்டித்தது. 1957இல் நாணயம் பதின்ம முறைக்கு மாறியது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடையும் அளவும் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறின. 1961இல் ஊருக்குச் சென்றவர் இரு முறைகளும் கலந்து வழங்கிய சூழலில் விடை பெற்றார். அதன்பின் எழுதப்பட்ட ஒப்பீட்டு அட்டவணை ஒவ்வொன்றிலும் ஒரு மாற்று வாய்பாடு மறைந்திருக்கிறது. 1916ஆம் ஆண்டின் மரக்காலைக் கிலோவாக மாற்றும்போது எத்தனை கிலோ எனக் கொள்ளப்பட்டது என்பதே கூலி உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற முடிவைப் பாதிக்கக்கூடும். ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகத் தள்ளப்படும் செய்தி இது; உண்மையில் முடிவின் அச்சாணி.

இரண்டாவது இடர் ஊர்க் கணக்கு. கர்ணத்திடம் இருந்த அடங்கல், சிட்டா முதலியவற்றிலிருந்து நில உடைமை, பயிர், வரி ஆகியவற்றை மாணவர் எடுத்தெழுத முடிந்தது. 1916இல் பட்டா யார் பெயரில் உள்ளது என்பது பெரும்பாலும் நிலம் யாருடையது என்பதைக் காட்டியது. 1955ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கும் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்துக்கும் பிறகு அதே ஏடு வேறு பொருள் கொண்டது. உச்சவரம்பு முதலில் 30 தர ஏக்கர் என்றும், 1970இல் 15 தர ஏக்கர் என்றும் விதிக்கப்பட்டபின், ஒரு குடும்பத்தின் நிலம் பல பெயர்களில் பிரிந்து எழுதப்படுவது வழக்கமாயிற்று. வாய்மொழிக் குத்தகை ஏட்டில் ஏறவே இல்லை. 'உங்கள் நிலம் குத்தகைக்கு விடப்பட்டுள்ளதா?' என்ற வினா 1916இல் பொருளியல் வினா. சட்டம் வந்தபின் அது வழக்குமன்றத்தின் வினாவாகக் காதில் விழுந்தது. ஆகவே நில உடைமை பரவலாயிற்று என்று ஏட்டை மட்டும் கொண்டு எழுதிய முடிவுகளை ஐயத்தோடு அணுக வேண்டியுள்ளது.

ஏட்டை வைத்திருந்தவரும் மாறினார். பரம்பரைக் கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்தார். கர்ணம் ஊர்க்காரர், ஏட்டில் இல்லாததும் அவருக்குத் தெரியும், எதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். அலுவலருக்கு ஏட்டில் உள்ளது மட்டும் தெரியும். 1980களின் தொடக்கத்தில் இவ்வூர்களுக்குச் சென்ற ஆய்வாளர்கள் இம்மாற்றத்தின் வாயிலிலேயே நின்றனர்.

கேட்டவரும் சொன்னவரும்

1916ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றோர் பெரும்பாலும் பார்ப்பனரும் நிலமுடைய பிற சாதியினருமே. அத்தகைய மாணவர் ஒருவர் தமக்குப் பழக்கமான ஊருக்குச் சென்றபோது எந்தத் தெருவில் தங்கினார், யார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதினார் என்பது முறையியல் சார்ந்த செய்தியேயாகும். சேரியில் வாழ்ந்தோரின் வரவு செலவைச் சேரியில் கேட்டறிந்தாரா, பண்ணையாரிடம் கேட்டறிந்தாரா என்ற வினாவுக்கு அறிக்கைகளின் நடையிலிருந்தே விடை ஊகிக்க வேண்டியுள்ளது. உழைப்போரின் கடனுக்கு அவர்களது செலவழிக்கும் பழக்கமே காரணம் என்று அக்கால எழுத்துகளில் பரவலாகக் காணப்படும் கருத்து, விடை எங்கிருந்து வந்தது என்பதைச் சுட்டும் ஓர் அடையாளம்.

ஆயினும் அம்மாணவர்களைக் குறைத்து மதிப்பிடுவது பொருந்தாது. இருவேல்பட்டு அறிக்கை படியாட்களின் நிலையை மறைக்கவில்லை. கடனால் நிலக்கிழாரைச் சார்ந்து, அச்சார்பு தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் நிலையில் அவர்கள் இருந்ததை அது ஏறத்தாழ அடிமை நிலை என்றே பதிவு செய்தது. திண்ணையில் அமர்ந்து எழுதியவராயினும், ஆள், கடன், ஆண்டுக்கு ஈட்டும் நெல் என்று வினாநிரல் வரிசையாகக் கேட்டதால் அவர் அந்த உண்மையை எதிர்கொள்ள நேர்ந்தது. நல்ல வினாநிரல் ஆய்வாளரை அவருடைய தெருவுக்கு அப்பால் இழுத்துச் செல்லும் என்பதற்கு இது சான்று.

வினாநிரல் இழுத்துச் செல்லாத இடங்களும் உண்டு. குடும்பம் என்பது ஆண் தலைவர் ஒருவரின் கீழ் உள்ள அலகு என்ற முற்கோள் அக்காலத்துக் கள ஆய்வுகள் அனைத்திலும் உறைந்திருந்தது. நடவும் களையும் அறுவடையும் பெண்களின் உழைப்பால் நடந்தன. அவர்களது கூலி குடும்ப வருவாயின் துணைத்தொகையாக எழுதப்பட்டது. ஆண்கள் பெருவாரியாக ஊருக்கு வெளியே வேலை தேடிச் சென்று, தமிழக வயல்களில் பெண்களே பேரளவில் எஞ்சிய பிற்காலத்தில், இம்மாற்றத்தை 1916உடன் ஒப்பிட விரும்பிய ஆய்வாளருக்குப் பழைய ஏடு போதிய துணை தரவில்லை.

திரும்பிச் சென்றோர்

ஸ்லேட்டர் 1921இல் பல்கலைக்கழகப் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் தொகுப்பு ஒரு முறை செய்யப்பட்ட முயற்சியாகவே நின்றிருக்கக்கூடும். அவ்வாறு ஆகாமைக்குக் காரணம் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும். பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை 1936–37இல் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்றது. 'சில தென்னிந்திய ஊர்கள்: மீளாய்வு' 1940இல் வெளிவந்தது. இதற்குச் சற்று முன்பு, 1934இல், அதே பௌலியும் டி. எச். ராபர்ட்சனும் இந்திய அரசுக்கு ஒரு பொருளியல் கணக்கெடுப்புத் திட்டத்தை அளித்தனர். ஊர்களை வாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்து ஆராய வேண்டும் என்ற எண்ணம் அத்திட்டத்தின் வழியே இந்தியாவில் அழுத்தம் பெற்றது. சென்னைத் துறை அவ்வழியில் புதிய ஊர்களைத் தேடாமல் பழைய ஊர்களுக்கே திரும்பியது. பரப்பை விட்டுக் காலத்தைத் தேர்ந்தெடுத்தது என்று அம்முடிவைக் கூறலாம்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு புதிய பாடமும் கிடைத்தது. 1916 போர்க்காலம். 1936–37 உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை கடுமையாகச் சரிந்ததற்குப் பிந்திய காலம். இரு ஆண்டுகளின் பண வருவாயை அப்படியே ஒப்பிட்டால் பிழையான முடிவே கிட்டும். கூலியை நெல்லாகவும், கடனை நெல்லாகவும், நிலத்தின் விலையையும் நெல்லாகவும் மாற்றிப் பார்க்கும்போதுதான் 1930களின் தொடக்கத்தில் உழவர் கடன் சுமை ஏன் இருமடங்கு கனத்தது என்பது புலப்படும். வாங்கிய தொகை மாறாதிருக்க, அதை அடைக்க விற்க வேண்டிய மூட்டைகளின் எண்ணிக்கை கூடியது. உண்மைக் கூலி, பெயரளவுக் கூலி என்னும் வேறுபாட்டைப் பாடநூலில் மனப்பாடம் செய்த மாணவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்திருக்காது.

1961இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்கரெட் ஹாஸ்வெல் இவ்வூர்களில் சிலவற்றை ஆராய்ந்தார். அவரது நூல் 1967இல் வெளிவந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஒரே ஊரை இடைவெளி விட்டு மீண்டும் ஆராய்ந்த பட்டறிவோடு வந்தவர் அவர். பிறகு 1980களின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஊர்தோறும் மீளாய்வு நடத்தியது. மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய அந்நிறுவனத்தில், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து ஆய்வுக்கு வந்த எஸ். குகன் இம்முயற்சியின் முதன்மையானவர். இருவேல்பட்டைப்பற்றி அவரும் மானிடவியலாளர் ஜோன் மெஞ்சரும் இணைந்து எழுதிய கட்டுரை 1983இல் வெளிவந்தது. பொருளியலாளரும் மானிடவியலாளரும் ஒரே ஊரை ஒன்றாக எழுதியது குறிப்பிடத்தக்கது; வினாநிரலின் கட்டங்களுக்கு வெளியே மக்கள் சொல்வதைக் கேட்கும் பயிற்சி பொருளியல் துறையில் இயல்பாக அமைவதன்று. அதே ஊருக்கு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இல் சென்றனர். பெருநிலக்கிழாரின் பழைய ஆதிக்கம் தளர்ந்ததையும், தலித் மக்கள் படியாள் பிணைப்பிலிருந்து விடுபட்டதையும், எனினும் நிலமுடையோராக மாறவில்லை என்பதையும் அவர்களது 2010ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. 1916ஆம் ஆண்டு அறிக்கை படியாளைப் பதிவு செய்திராவிட்டால், விடுதலை என்ற சொல்லை அவர்கள் எந்த அடிப்படையில் எழுதியிருக்க முடியும்?

மீளாய்வு முறையின் வலிமை ஒரே ஊரில் ஒரே வினாவை மீண்டும் கேட்பதில் உள்ளது. அதன் மெலிவும் அங்கேதான். வடமலைபுரம் சிவகாசிப் பகுதியைச் சேர்ந்தது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் 1920களில் தோன்றியது. 1916ஆம் ஆண்டு வினாநிரல் தொழிற்சாலைக் கூலியைப்பற்றி அவ்வூரில் கேட்டிருக்க இயலாது; பின்னர்ச் சென்றவரோ அதைக் கேளாமல் திரும்ப இயலாது. பழைய வினாக்களை மட்டும் கேட்டால் ஒப்பீடு தூய்மையாக இருக்கும், ஊர் தப்பிவிடும். புதிய வினாக்களையே கேட்டால் ஊர் அகப்படும், ஒப்பீடு தப்பிவிடும். இரண்டையும் அளவறிந்து கலப்பதற்கு வாய்பாடு இல்லை.

அதைவிடப் பெரிய மெலிவு ஆய்வு ஆண்டுகளுக்கு இடையிலுள்ள வெளி. பாலக்குறிச்சி கீழத்தஞ்சையைச் சேர்ந்தது. அவ்வட்டாரத்தில் 1940களில் உழவுத் தொழிலாளர் இயக்கம் எழுந்தது; 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ஸ்லேட்டர் ஊர்களின் அட்டவணைகள் 1916, 1937, 1961, 1980கள் எனத் தாவுகின்றன. கூலி இவ்வளவிலிருந்து இவ்வளவாக உயர்ந்தது என்று அவை சொல்லும். அந்த உயர்வுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது இரு எண்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் கிடக்கிறது. அதைத் தேடும் மாணவர் புள்ளியியலை விட்டுக் காவல்துறை ஆவணம், சட்டமன்ற நடவடிக்கை, வாய்மொழி வரலாறு என்று வேறு வாயில்களைத் தட்ட வேண்டும். பொருளியல் ஆய்வேடுகள் இவ்வாயில்களைத் தயக்கத்தோடே அணுகி வந்துள்ளன. இத்தயக்கத்துக்கு அறிவுசார்ந்த காரணம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மறுபுறம், நிலவரித் திட்டப் பதிவேடுகளைக் கொண்டே ஊருக்குச் செல்லாத காலங்களை நிரப்ப முடியும் என்பதை ஜப்பானிய அறிஞர் காட்டினர். ஹருகா யானகிசாவா திருச்சிராப்பள்ளிப் பகுதிப் பதிவேடுகளில் உள்ள பட்டாதாரர் பெயர்களைச் சாதிவாரியாகப் பகுத்து, 1860கள் முதல் 1970கள் வரை நிலம் கைமாறிய வழியைத் தொடர்ந்தார். நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எண்ணிக் கணக்கிட்ட அணுகுமுறையும் இதுவும் நெருங்கிய உறவுடையவை. தமிழியல் மாநாடுகளுக்குக் கல்வெட்டு வழியாக அறிமுகமான அம்முறை, பொருளியல் ஆய்வேடுகளுக்குள் இன்னும் போதிய அளவு நுழையவில்லை.

தமிழில் கேட்டது, ஆங்கிலத்தில் எழுதியது

இவ்வாய்வுகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று, விடைகள் தமிழில் கூறப்பட்டன, அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன என்பது. 1918ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருவேல்பட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் 'எருவெல்லிப்பேட்' என ஒலிக்குமாறு பதிவாகியிருப்பது இதன் சிறிய அடையாளம். பெரிய அடையாளம் கருத்தாக்கங்களில் உள்ளது. வாரம் என்பது விளைச்சலில் பங்கு. விளையாவிடில் இழப்பும் இருவருக்கும் உரியது. குத்தகை என்பது விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டிய உறுதித் தொகை. ஒத்தியில் கடன் கொடுத்தவரே நிலத்தை அனுபவிப்பார். நிலமுடையவர் சில நேரம் தம் சொந்த நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிடுவார். ஆங்கில அட்டவணையில் இவர் 'உடைமையாளர்' என்ற கட்டத்தில் நிற்பாரா, 'குத்தகைதாரர்' என்ற கட்டத்தில் நிற்பாரா? ஊர் மக்களுக்கு இவரது நிலையைக் குறிக்கத் தடுமாற்றம் இருந்ததில்லை. தடுமாற்றம் கட்டத்தை வரைந்தவருடையது.

'கூலித் தொழிலாளி' என்னும் கட்டமும் அவ்வாறே. படியாள், பண்ணையாள், அத்தக்கூலி ஆகிய மூவரையும் ஒரே தலைப்பின்கீழ்க் கூட்டினால், ஓராண்டுப் பிணைப்பும் தலைமுறைப் பிணைப்பும் அன்றாடக் கூலியும் ஒரே எண்ணாகிவிடும். பண்ணையாள் முறை ஒழிந்து அத்தக்கூலி பெருகியது நூற்றாண்டின் பெருமாற்றங்களுள் ஒன்று. அந்த எண்ணில் அது தெரியவே தெரியாது. 1916ஆம் ஆண்டு மாணவர்கள் பல இடங்களில் 'படியாள்' போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆங்கில எழுத்தில் இட்டுச் சென்றனர். மொழிபெயர்ப்பு இயலாமையால் அவ்வாறு செய்தனரோ, உணர்ந்தே செய்தனரோ, பின்வந்தோருக்கு அது பெரும் பயன் விளைத்தது.

இன்று தமிழில் ஆய்வேடு எழுதும் பொருளியல் மாணவர் எதிர்த் திசையில் இதே இடரைச் சந்திக்கிறார். ஆங்கிலப் பாடநூலின் கலைச்சொற்களைத் தமிழாக்கி வினாநிரல் அமைத்து, அதைப் பேச்சுவழக்கில் விளக்கிச் சொல்லி, கிடைத்த விடையை மீண்டும் கலைச்சொல்லாக்கி எழுதுகிறார். மூன்று முறை மொழி மாறும் விடையில் எஞ்சுவது எவ்வளவு என்பதை முறையியல் இயல்கள் பேசுவதில்லை.

உலைக்கணக்கு

கடைசியாக, அயலகத் தமிழருக்கு நேரடித் தொடர்புடைய ஒரு செய்தி. பாலக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினம் மலாயாவுக்குத் தொழிலாளர் கப்பலேறிய முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்று. 1930களின் தொடக்கத்து மந்தத்தில் மலாயாவிலிருந்து பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை மீண்டபின் மீண்டும் சென்றனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. 1936–37ஆம் ஆண்டு மீளாய்வு இந்த அலைகளுக்கு இடையே நடந்தது. ஊர்க் கணக்கெடுப்பு ஊரில் இருப்போரை எண்ணுவது. திரும்பி வந்து தங்கியவர் எண்ணப்பட்டிருப்பார். திரும்பவும் போனவர் விடுபட்டிருப்பார். ஆகவே இரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட மக்கள்தொகை மாற்றத்தைப் பிறப்பு, இறப்புக் கணக்காக மட்டும் படிப்பது தவறு.

கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழில் வளாகம் உள்ளது. 1916 முதல் 2012 வரை அவ்வூர் அடைந்த மாற்றத்தை ஊர்ப்புற நகரியம் என்ற கருத்தின்வழி ஹாரிஸும் ஜெயரஞ்சனும் விளக்கியுள்ளனர். இத்தகைய ஊரில் குடும்பம் என்ற அலகை வரையறுப்பதே ஆய்வு மாணவரின் முதற்சிக்கல். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கிய 1950 முதல் இந்தியப் பொருளியல் ஆய்வேடுகளில் வேரூன்றிய வரையறை, ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம் என்பது. அதன்படி திருப்பூரில் பின்னலாடை தைக்கும் மகள் அக்குடும்பத்தில் இல்லை. சிங்கப்பூரில் கட்டடப் பணியில் உள்ள மகனும் இல்லை. மாணவர் ஏந்திச் செல்லும் வினாநிரலில் அவர்கள் அனுப்பும் பணம் மட்டும் 'பிற வருவாய்' என்னும் கட்டத்தில் இடம்பெறும்.